1994-ல பின்னைப் பிடுங்கினவரு இப்ப அதே பாட்டைக் கேட்டு வாங்குதாரு. ஏன்?

குழாய்செட்டு (கழுகுமலைப் பக்கம்)

எல்லாருக்கும் வணக்கம். நமக்குத் தொழில் ரேடியோ செட்டு. அப்பா ஆரம்பிச்சது, இப்ப நான் பாக்கேன். கழுகுமலையைச் சுத்தி இருக்க ஊருகள்ல கல்யாண வீடு, சடங்கு வீடு, பால்காய்ப்பு, கோயில் கொடை (திருவிழாதான்), துட்டி வீடு (எழவு வீடு) எதுன்னாலும் செட்டு நம்மளுதுதான். அதனால பாட்டுங்கது எனக்குப் பொழுதுபோக்கு கிடையாது, பொழப்பு. ஆனா சனங்க பாட்டு கேக்கதைப் பாக்கது இருக்கே, அது தனி வேடிக்கை. அந்த வேடிக்கையில எனக்குப் பிடிபடாத ஒரு விசயம் இருக்கு. அதைத்தான் கேக்க வந்தேன்.

இந்தப் பங்குனிக் கொடையில, சாமியாட்டம் முடிஞ்சு கூட்டம் கொஞ்சம் கலைஞ்ச நேரம். ஒரு பெரியவர் மிக்ஸர் பக்கத்துல வந்து நின்னாரு. “தம்பி, பழைய பாட்டா ரெண்டு போடேன்”னாரு. நான் டி.எம்.எஸ். பாட்டு ஒண்ணை ஓட விட்டேன். பல்லவி முடியல, கையை ஆட்டுதாரு. “அவ்வளவு பழசு வேண்டாம்டே. இந்த முக்காலா முக்காபுலா, சிக்குபுக்கு ரயிலே, அந்த மாதிரி நல்ல பாட்டாப் போடு”ங்காரு.

இதே மனுசன் 1994-ல, காதலன் படப் பாட்டு வந்த புதுசுல, அதே கோயில் வாசல்ல, அதே முக்காலா பாட்டுக்கு ஆம்பிளிஃபயர் பின்னைப் பிடுங்கிப் போட்டவரு. “தகர டப்பாவை ரோட்டுல உருட்டி விட்ட மாதிரி இருக்கு. இதுக்கு நாங்க வரி பிரிச்சுத் துட்டு வேற குடுக்கணுமாக்கும்?”னு அப்பாவைப் பிடிச்சுச் சத்தம் போட்டாரு. நான் அப்ப பள்ளிக்கூடத்துப் பையன், வயரைச் சுத்திக்கிட்டு நின்னேன். அப்பா ஒரு வார்த்தை பேசாம சீர்காழியோட ‘விநாயகனே வினை தீர்ப்பவனே’ ரிக்கார்டை எடுத்துப் போட்டாரு. செட்டுக்காரன் பாஷையில அதுக்கு அர்த்தம், ‘நீ போ, நான் அப்புறம் பாத்துக்கிடுதேன்’.

அப்பா இன்னொண்ணும் சொல்லுவாரு. 1976-ல அன்னக்கிளி ரிக்கார்டு வாங்கிட்டு வந்து ‘மச்சானப் பாத்தீங்களா’ போட்டப்ப, அன்னைக்கு இருந்த பெருசுக, “இது நாத்து நடுத பொம்பளைக பாட்டுல்லா? இதை வயக்காட்டுலயே கேட்டுக்கிடுதோம், நீரு பாட்டாப் போடும்”னாங்களாம். இன்னைக்கு அதே ஜானகியம்மா பாட்டை ராத்திரி பத்து மணிக்குள்ள ஒருக்காவாவது போடாம கொடையை முடிக்க முடியாது. (பத்து மணிக்கு மேல செட்டு ஓடக் கூடாதுங்கது 2000-லயே வந்த சட்டம். எங்க ஊருக்கு அது வந்து சேர ரொம்ப வருசம் ஆச்சு.)

அப்ப மாறினது யாரு? பெரியவரா, பாட்டா?

எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, சிரிக்காதீங்க. 1994-ல அவரு கேட்டது அந்தப் பாட்டே கிடையாதுங்கேன் நான். அன்னைக்கு நாங்க கட்டினது பூராம் கூம்புக் குழாய். குழாய்ங்கது மனுசக் குரல் தூரத்துக்குப் போகணும்னே செஞ்ச சாமான். சுமாரா 300 ஹெர்ட்ஸுக்குக் கீழ உள்ள சத்தம் அதுல உருப்படியா வராது. பேஸ் கிட்டாரோட அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ்! சீர்காழி, டி.எம்.எஸ்., சுசீலாம்மா குரலுக்கெல்லாம் அது தோதா இருந்துச்சு, புளியமரத்துல கட்டினா அடுத்த ஊருக்குப் போகும். ரகுமான் பாட்டுக்கு உசுரே கீழ இருக்க சத்தம். அதைப் பூராம் வடிச்சு எடுத்துட்டு, மேல இருக்க கலகலப்பை மட்டும் காதுக்குள்ள ஊத்தினா யாரும் பின்னைப் பிடுங்கத்தான் செய்வான். இப்ப 18 இன்ச் பேஸ் பாக்ஸ் வெச்சிருக்கோம். அதே பாட்டு நெஞ்சுல வந்து இடிக்கி. ஆகப் பெரியவர் மாறல, ஸ்பீக்கர்தான் மாறிருக்குன்னு நான் சொல்லுதேன். வீட்டுக்காரி ஒத்துக்கிட மாட்டேங்கா.

உங்களுக்கு இந்த மாதிரி பிடிக்காத பாட்டு பிடிச்சுப் போனதும், உசுரா இருந்த பாட்டு வெறுத்துப் போனதும் இருந்தா எழுதுங்க. எதனாலன்னும் சொல்லுங்க. சும்மா ‘ஓல்டு இஸ் கோல்டு’ வேண்டாம், அது எனக்கே தெரியும்.

ராஜபாட்டை72

இதுல யோசிக்கறதுக்கு என்ன இருக்கு? அப்ப வந்தது பாட்டு, இப்ப வர்றது சத்தம். முக்காலாகூட இன்னைக்கு வர்ற கருமத்துக்குத் தேவலைன்னு அந்தப் பெரியவருக்குத் தோணியிருக்கும். இப்ப வர்ற பாட்டை முப்பது வருஷம் கழிச்சு ஒருத்தனும் தேட மாட்டான்.

குழாய்செட்டு

அண்ணாச்சி, நீங்க சொல்லுதது அப்படியே அவரு 1994-ல சொன்னது. ‘கருமம்’ உட்பட.

நைட்ஷிஃப்ட் (திருச்சி)

அண்ணா, உங்க ஸ்பீக்கர் கணக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா என் கதையில ஸ்பீக்கருக்கு வேலையே இல்லை.

நான் ஸ்டாஃப் நர்ஸ். கேளடி கண்மணி படத்துல ‘மண்ணில் இந்தக் காதலன்றி’ எல்லாருக்கும் தெரியும். சரணத்தை மூச்சு விடாம பாடுற மாதிரி வரும். எங்க வீட்டுல அது சிரிப்புப் பாட்டு. நிச்சயம் ஆன புதுசுல என் வீட்டுக்காரர் போன்ல பாடிக் காட்டுவார். ஆரம்பம் எல்லாம் ஜோரா இருக்கும். பாதிக்கு மேல குரல் கீச்சுக் கீச்சுன்னு போயி, கடைசியில இருமல்ல முடியும். “இன்னைக்குப் போன தடவையைவிட ரெண்டு வரி கூட வந்துட்டேன்ல?”ன்னு கேப்பார். எதுவும் கூட வந்திருக்காது.

2020-ல எனக்கு கோவிட் வார்டு போட்டாங்க. அங்க புதுசா வர்ற பேஷண்ட்டை நாங்க ஒண்ணு சொல்லிச் செய்ய வைப்போம். நல்லா மூச்சை இழுத்துட்டு, ஒரே மூச்சுல ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணணும். விரல்ல மாட்டுற ஆக்ஸிமீட்டர் காட்டுறதுக்கு முன்னாடியே சில பேருக்கு இதுல தெரிஞ்சுடும். எங்க நிக்குதுன்னு பார்ப்போம். முப்பது போறவங்க இருப்பாங்க. பன்னெண்டுலயே நின்னு, ஏதோ தப்பு பண்ணிட்ட மாதிரி நம்ம முகத்தைப் பார்க்கறவங்களும் இருப்பாங்க. “பரவால்லங்க, மறுபடி பண்ணலாம்”னு சொல்லிட்டே கையால ஆக்ஸிஜனைக் கூட்டுற ஃப்ளோமீட்டரைத் திருகுவோம்.

செப்டம்பர் 25, எஸ்.பி.பி. சார் போன அன்னைக்கு எனக்குப் பகல் டியூட்டி. கிட்டைக் கழட்டிட்டு, வேர்வையோட ட்யூட்டி ரூம்ல வந்து உட்கார்றேன், டிவில இந்தப் பாட்டுதான். சேனல் மாத்தினா அதுலயும் இதுதான். பல்லவி வரைக்கும் ஒண்ணும் ஆகலை. சரணம் ஆரம்பிச்சதும் நான் எண்ண ஆரம்பிச்சுட்டேன். பாட்டைக் கேக்கலை, மூச்சை எண்றேன். ரிமோட்டை எடுத்து ஆஃப் பண்ணேன். கூட இருந்த சிஸ்டர் யாரும் ஏன்னு கேக்கலை.

இப்ப எப்படின்னா, பல்லவி பிடிக்குது. சரணம் வந்தா அடுத்த பாட்டுக்குப் போயிடுவேன். வீட்டுக்காரருக்குத் தெரியும், அவரும் இப்ப பல்லவியோட நிறுத்திக்கறார். சொந்தக்காரங்க யாராவது “அந்த மூச்சு விடாம பாடுற பாட்டு பாடுங்க மாப்ள”ன்னா, “தொண்டை கட்டியிருக்கு”ன்னுடுவார்.

அதே போன், அதே இயர்போன்தான் அண்ணா.

மாலைக்கல்லூரி

நான் கல்லூரியில் உளவியல் எடுக்கிறேன், அதனால் கொஞ்சம் பாடப் புத்தக வாடை வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: திரும்பத் திரும்பக் கண்ணிலோ காதிலோ படுகிற பொருள், அந்தக் காரணத்துக்காகவே நமக்குப் பிடித்துப்போகிறது. ராபர்ட் ஸயான்ஸ் 1968-லேயே இதைச் சோதனை செய்து காட்டினார். அர்த்தம் தெரியாத எழுத்துகளைக்கூட நிறையத் தடவை பார்த்தவர்கள் ‘நல்ல அர்த்தம்தான் இருக்கும்’ என்றார்கள். ஆனால் அதற்கும் ஒரு எல்லை உண்டு. ஏறிக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் சலிப்பு தட்டி இறங்கும். டேனியல் பெர்லைன் 1970-களில் எழுதியதையும் சேர்த்துப் பார்த்தால், சுலபமான மெட்டு சீக்கிரம் ஏறிச் சீக்கிரம் இறங்கும், சிக்கலான மெட்டு மெதுவாக ஏறும், அதிக நாள் நிற்கும். கல்லூரி வயதில் தலையில் வைத்து ஆடின குத்துப்பாட்டு ஆறே மாதத்தில் சலிப்பதற்கும், முதலில் புரியாத பாட்டு பத்து வருஷம் கழித்து வந்து உட்காருவதற்கும் இது ஒரு காரணம்.

இரண்டு: சுமார் பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் நடந்தவை முதுமையில் மற்ற எல்லா வயதையும்விட அதிகமாக நினைவுக்கு வரும். பதின்ம வயதில் கேட்ட பாட்டு ஒட்டிக்கொள்வது இதனால்தான்.

ஆனால் உங்கள் பெரியவருக்கு இந்த இரண்டாவது பொருந்தாது. 1994-ல் அவர் முப்பதைத் தாண்டியவராக இருந்திருப்பார். எனக்கு ஒரு கேள்வி: அந்தக் கொடையில் அவர் யாராக இருந்தார்? வேடிக்கை பார்க்க வந்தவரா, பொறுப்பில் இருந்தவரா?

குழாய்செட்டு

சார், எங்கேயோ போய்ட்டீங்க. அப்ப அவரு கொடைக் கமிட்டிப் பொருளாளர்! வரி பிரிச்சு, நோட்டுல எழுதி, பந்தல்காரனுக்கும் கரகாட்டத்துக்கும் எங்களுக்கும் துட்டு குடுத்தது பூராம் அவருதான். இப்ப பொறுப்பெல்லாம் மகன்கிட்ட. இவரு சேர்ல உக்காந்து சுக்குக்காப்பி குடிக்காரு.

மாலைக்கல்லூரி

அப்படியென்றால் அன்றைக்கு அவருக்குப் பாட்டு பிடித்ததா இல்லையா என்பதே கேள்வி இல்லை. பொருளாளர் என்றால் கோயில் வாசலில் எது ஓடலாம், எது ஓடக் கூடாது என்று ஊர் அவர் முகத்தைத்தான் பார்க்கும். மனசுக்குள் தாளம் போட்டிருந்தாலும் பின்னைப் பிடுங்கித்தான் ஆக வேண்டும். பிறகு முப்பது வருஷம் பஸ்ஸிலும் டிவியிலும் பேரப்பிள்ளை ஆண்டு விழாவிலும் அதையே கேட்டிருக்கிறார். பொறுப்பும் போய்விட்டது. ஸ்பீக்கரும் உதவியிருக்கும், மறுக்கவில்லை.

சங்கானையான் (ஸ்காபுரோ)

குழாய்செட்டு அண்ணை, வணக்கம். உங்கடை ஸ்பீக்கர் கதைக்கு நான் நேர் எதிர்ப் பக்கம் நிக்கிறன். நல்ல சத்தம் கிடைச்ச பிறகுதான் எனக்கு ஒரு பாட்டு செத்துப் போச்சு.

1990 ஆனியில சண்டை திரும்பத் தொடங்கினாப் பிறகு யாழ்ப்பாணத்தில கரண்ட் இல்லை. பற்றரியும் தடை. அப்ப எல்லா வீட்டிலயும் செய்த வேலை ஒண்டு இருக்கு. சைக்கிளைக் கவிட்டு வைச்சு, டைனமோவைச் சில்லில முட்ட விட்டு, வயரை றேடியோவுக்குக் குடுத்து, பெடலைக் கையால சுத்துறது. சுத்தினால் பாடும், விட்டால் நிக்கும். இரவில பிபிசி தமிழோசை கேக்கத்தான் அம்மா அதுக்கு அனுமதி தாறவ. பகலில, அவ கிணத்தடிக்குப் போற நேரம் பாத்து, நானும் அண்ணனும் கசெற் போடுவம்.

எங்களிட்டைத் தளபதி கசெற் ஒண்டு இருந்தது. ‘ராக்கம்மா கையத் தட்டு’ பாட்டில நடுவில ‘குனித்த புருவமும்’ தேவாரம் வரும், தெரியும்தானே. தொடங்கேக்கை அண்ணன் வலு வேகமாச் சுத்துவான், எஸ்.பி.பி. சின்னப் பெடியன் மாதிரிக் கீச்சிடுவார். தேவாரம் வாற இடத்தில இவனுக்குக் கை சோர்ந்திடும். அப்பர் சுவாமிகள் இழுபட்டு இழுபட்டு, நித்திரை தூங்கிற ஆள் பாடிற மாதிரி வருவார். சினிமாப் பாட்டெண்டால் பேசிற அம்மா, கிணத்தடியில இருந்தே, “டேய், தேவாரத்தையாவது ஒழுங்காச் சுத்துங்கோடா!” எண்டு கத்துவா. பேந்து என்ரை முறை. எனக்கு அந்த நேரம் அந்தப் பாட்டு பிடிக்கவே பிடிக்காது. பாட்டெண்டால் கைநோ. அண்ணன் திருப்பித் திருப்பிப் போடச் சொல்லுவான், ரீவைண்ட் பண்ணவும் சுத்த வேணும்.

95 இடப்பெயர்வில கசெற்றும் போச்சு, சைக்கிளும் பிறகு எங்கையோ போச்சு.

இஞ்சை வந்து, வேலை கிடைச்சு, முதல் வாங்கின சாமான்களில ஒண்டு நல்ல ஹெட்போன். தளபதி சீடியும் வாங்கினன். போட்டுக் கேட்டால்... வயலின் எல்லாம் கண்ணாடி மாதிரிக் கேக்குது, தேவாரம் நேரா நிமிர்ந்து போகுது. ஒரு பிழையும் இல்லை. ஆனால் அது வேறை ஆரோடையோ பாட்டு. நான் வெறுத்த பாட்டைத்தான் இப்ப நான் தேடுறன், அது எந்தக் கடையிலயும் இல்லை. அண்ணன் பாரிஸில இருக்கிறான். அவனுக்கு இந்தப் பிரச்சினை இல்லை, அவனுக்குச் சீடிப் பாட்டே காணும். அவன் சுத்தினதில பாதிதான் நான் சுத்தினது எண்டும் சொல்லுறான், அது வேறை வழக்கு.

பெருங்குடிபிஜி

நான் இங்க வயசுல சின்னவ போல. எனக்குக் காதும் மாறலை, ஸ்பீக்கரும் மாறலை. வார்த்தை காதுல விழ ஆரம்பிச்சுடுச்சு, அவ்வளவுதான்.

2011, 12-ல நான் காலேஜ். அப்ப ‘சூப் பாய்’ பாட்டுன்னு ஒரு வகை வந்து எங்க பார்த்தாலும் ஓடிச்சு. ஒருத்தி வேண்டாம்னு சொல்லிட்டா, அவளை மட்டும் இல்லாம பொண்ணுங்க மொத்தத்தையும் வரிசையாத் திட்டுற பாட்டு. கல்ச்சுரல்ஸ்ல முன் வரிசையில நின்னு கை தூக்கிக் கத்திப் பாடினது நாங்கதான், பொண்ணுங்கதான். பீட் அப்படி. பசங்களைவிட எங்களுக்குத்தான் வரி முழுசாத் தெரியும்.

போன வருஷம் ஆபீஸ் டே அவுட்ல அதுல ஒண்ணை டிஜே போட்டான். உடம்பு தானா எழுந்துடுச்சு, கால் ஆடுது. வாய் மட்டும் வரலை. பக்கத்துல எங்க டீமுக்குப் புதுசா சேர்ந்த பொண்ணு, “என்னக்கா இது, இதுக்கா நீங்கல்லாம் ஆடுனீங்க?”ங்கற மாதிரி பார்க்குறா. பதில் சொல்ல முடியலை. ஏன்னா கால் இன்னும் ஆடிட்டுதான் இருக்கு!

மாலைக்கல்லூரி சார், ஒரே ஆளுக்குள்ள கால் ஒண்ணும் வாய் ஒண்ணும் சொன்னா உங்க புத்தகத்துல அதுக்கு என்ன பேரு?

ராஜபாட்டை அண்ணா, எங்க பிஜில கீழ் ரூம் பொண்ணுங்க இதே பாட்டுங்களை ‘நாஸ்டால்ஜியா ப்ளேலிஸ்ட்’னு போட்டு வெச்சிருக்காங்க. முப்பது வருஷமெல்லாம் ஆகலை.

குழாய்செட்டு

நிறையப் பேரு நிறைய எழுதிட்டீங்க. ரெண்டு நாளா ஒரு பால்காய்ப்பு, ஒரு காதுகுத்து, இப்பத்தான் போனைப் பாக்கேன்.

நைட்ஷிஃப்ட் தங்கச்சி, உனக்கு எதிரா எனக்குப் பேச்சு இல்லை. எங்க தொழில்லயும் அது உண்டு. துட்டி வீட்டுல ‘வீடு வரை உறவு’ போடாத செட்டுக்காரன் கிடையாது. 1962-ல வந்த பாத காணிக்கை படப் பாட்டு. பாட்டா எடுத்துப் பாத்தா எவ்வளவு பெரிய பாட்டு! ஆனா எங்க பக்கத்துல அதை ஒரு கல்யாண வீட்டுலயோ டீக்கடையிலயோ போட முடியுமா? அடிக்க வந்துருவாங்க. என் மகன் தெரியாம வீட்டுல போனுல போட்டான். “யாருல போய்ட்டா?”ன்னு பக்கத்து வீட்டு ஆச்சி கம்பை ஊனிக்கிட்டு வந்துட்டா. நான் அதை எந்நேரமும் வேலையா மட்டும் கேட்டவன், அதனால எனக்கு அதுல துக்கமும் வராது, சந்தோசமும் வராது. வால்யூம் எவ்வளவு வெக்கணும், அழுகைச் சத்தத்தை அமுக்கிராம இருக்கணும், அதான் நெனப்பு. அதே மாதிரி பேஸ் செக் பண்ணுததுக்கு எப்பவும் பம்பாய் படத்து ‘அந்த அரபிக் கடலோரம்’. அது எனக்குப் பாட்டே இல்லை, டெஸ்டர்.

எதிர்த் திசையில போன கதை ஒண்ணு சொல்லுதேன். எல்.ஆர். ஈஸ்வரியம்மா. 1961-ல பாசமலர்ல ‘வாராயென் தோழி வாராயோ’, அது பாடாம இன்னைக்கும் எங்க பக்கம் பொண்ணு மணவறைக்கு வராது. 1968-ல பணமா பாசமால ‘எலந்தப் பயம்’. அப்பா சொல்லுவாரு, அந்த ரிக்கார்டைக் கோயில் பக்கத்துல உறையை விட்டே எடுக்க விட மாட்டாங்களாம். கிளப்பு டான்ஸ் குரல், ஆபாசம்னு அவ்வளவு ஏச்சு. அதே அம்மா ‘செல்லாத்தா செல்ல மாரியாத்தா’ன்னு பாடி, இப்ப ஆடி மாசம் முழுக்க அந்தக் குரல் இல்லாம எந்த அம்மன் கோயிலும் விடியாது. அதே ஏத்தம், அதே இழுப்பு, அதே கணீர். எலந்தப்பழத்துக்குக் காதைப் பொத்தின அதே கிழவிகதான் செல்லாத்தாவுக்குச் சாமி வந்து ஆடினது. இதுல ஸ்பீக்கர் மாறல சார், ரெண்டுக்கும் அதே குழாய்தான். அந்த மட்டுக்கு நீங்க எல்லாரும் சொல்லுததை நான் ஒத்துக்கிடுதேன். வீட்டுக்காரிகிட்ட சொல்ல மாட்டேன்.

பெருங்குடி பாப்பா, காலு சொல்லுதது எனக்கு நல்லாத் தெரியும், கொடையில அதான் துட்டு.

இப்ப சங்கானை அண்ணாச்சிக்கு. நீங்க சொன்னதை வாசிச்சுட்டு நான் செட்டு ரூமுக்குள்ள போயி அப்பாவோட பழைய கேசட் பெட்டியைத் தொறந்தேன். ஏன்னா எங்க ஊருக்கும் ஒரு பாட்டு அப்படி உண்டு. பயணங்கள் முடிவதில்லைல ‘இளைய நிலா பொழிகிறதே’. நாங்க அதைக் கோவில்பட்டியில ஒரு ரெக்கார்டிங் கடையில லிஸ்ட் எழுதிக் குடுத்துப் பதிஞ்சு வாங்கினோம். அந்தக் கடைக்காரர் டெக்கு பெல்ட் தேஞ்சு மெதுவா ஓடுத டெக்கு. மெதுவா ஓடுத டெக்குல பதிஞ்சதைச் சரியான வேகத்துல ஓட விட்டா வேகமாத்தான கேக்கும்? சுருதியும் சேந்து ஏறிரும். பன்னெண்டு ஊருக்கு எஸ்.பி.பி. அரைக் கட்டை தூக்கித்தான் பாடினாரு. பிறகு ஒரிஜினலைக் கேட்டப்ப, “என்னடே, பாட்டு களைச்சுப் போய்க் கெடக்கு?”ன்னு எல்லாரும் கேட்டாங்க. இன்னைக்கும் கீபோர்டு வாசிக்க எங்க ஊர்ப் பையன் ஒருத்தன் அந்தப் பாட்டை அரைக் கட்டை கூட்டித்தான் எடுப்பான், அவனுக்கு அப்படித்தான் மனசுல இருக்கு. அதே பாட்டுல கிட்டாருக்குக் கீழ ஒரு பேஸ் நடந்து போகுதே, அது இருக்கதே எங்களுக்குத் தெரியாது. குழாய்ல வராதுல்லா. நாப்பது வயசுக்கு மேல ஒரு ராத்திரி ஹெட்போன்ல கேட்டேன். தெரிஞ்ச வீட்டுக்குள்ள தெரியாத ரூமு இருந்த மாதிரி ஆயிட்டு. எனக்கு ரெண்டும் வேணும் அண்ணாச்சி. களைச்ச பாட்டும் வேணும், தூக்கின பாட்டும் வேணும்.

உங்க பாட்டைத் திரும்ப உண்டாக்கலாம். ஆடாசிட்டின்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, காசு கிடையாது. அதுல பாட்டை ஏத்தி, ‘ஸ்பீடு’ மாத்துத எஃபெக்டை எடுத்து 6 சதவீதம் கூட்டினா அரைக் கட்டை ஏறும். 12 கூட்டினா ஏறக்குறைய ஒரு கட்டை. ‘டெம்போ’ன்னு இன்னொண்ணு பக்கத்துலயே இருக்கும், அதை எடுத்துராதீங்க. அது வேகத்தை மட்டும் மாத்தும், குரல் அப்படியேதான் இருக்கும்.

சங்கானையான்

அண்ணை, பெரிய உபகாரம். ஆனால் ஒரேயடியா ஏத்தி விட்டால் சரி வராது. தொடக்கத்தில ஏறி, தேவாரத்தில சறுக்கி, அம்மா கத்தினாப் பிறகு திடீரெண்டு திரும்ப ஏற வேணும்.

குழாய்செட்டு

அதுக்கும் வழி உண்டு. ‘ஸ்லைடிங் ஸ்ட்ரெச்’னு ஒரு எஃபெக்ட். ஒரு பகுதியை மட்டும் பிடிச்சு, ஆரம்பத்துல எவ்வளவு, முடிவுல எவ்வளவுன்னு குடுத்தா நடுவுல தானா சறுக்கிட்டுப் போகும். டெம்போவுக்கும் சுருதிக்கும் அதுல தனித்தனிக் கட்டம், ரெண்டுலயும் குடுக்கணும். வைகாசியில கொடை எல்லாம் ஓயட்டும், நானே செஞ்சு அனுப்புதேன். எந்த எடத்துல உங்க அண்ணனுக்குக் கை சோரும்னு மட்டும் நிமிசக் கணக்கு எழுதி அனுப்புங்க.

சங்கானையான்

அதை அவனிட்டைத்தான் கேக்க வேணும். கேட்டால் தான் சோரவே இல்லை, சுத்தினது நீதான் எண்டுவான்.